தொண்ணூற்று நாலு சதவீதம்

மதியம் மூன்று மணிக்குள் மோனிஷா ஐந்து தடவை போன் பண்ணிவிட்டாள். ஐந்து தடவையும் ஒரே கேள்வி. "அப்பா, எதை முதல்ல போடறது?" ஐந்து தடவையும் தணிகாசலம் சொன்னது ஒரே பதில். "உன் இஷ்டம்மா." சொல்லிவிட்டுப் போனை மேஜைமேல் கவிழ்த்து வைப்பார், பத்து நிமிடம் போனதும் அது மறுபடியும் உறுமிக்கொண்டே நண்டு மாதிரி நகர ஆரம்பிக்கும். பெற்ற மகளுக்கு இதற்குமேல் என்ன சுதந்திரம் கொடுப்பது? ஊரில் ஒவ்வொரு அப்பனும் பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துப்போய், இதைத்தான் படிக்க வேண்டும் என்று உட்கார வைக்கிறான், இங்கே ஒருத்தர் உன் இஷ்டம் என்கிறார், அதுவும் போதவில்லை. பொறியியல் கலந்தாய்வுக்கு அவள் போடுகிற விருப்ப வரிசையில் இரண்டே இரண்டு பெயர்தான் மிச்சம். இவர் இருபத்து நாலு வருஷமாக வேலை பார்க்கிற பாலாற்றுப் பல்கலைக்கழகம் ஒன்று, தெற்கே அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பொருநைப் பல்கலைக்கழகம் இன்னொன்று. இரண்டும் அரசாங்கத்தினுடையது. இரண்டிலும் அவள் கேட்கிற எலெக்ட்ரிக்கல் இருக்கிறது. அவளுடைய கட் ஆஃப் நூற்று எழுபத்து மூன்றரை, போன வருஷம் பாலாற்றில் நூற்று எழுபத்து மூன்றோடு கதவு மூடியது, பொருநையில் நூற்று எழுபத்தொன்றரையோடு. அதாவது எதை முதலில் போடுகிறாளோ அது கையில் விழும். ஐந்து மணிக்குள் வரிசையை லாக் பண்ணிவிட வேண்டும், அதற்கப்புறம் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது. லாக் பண்ண ஓ.டி.பி. வரும், அது இவர் போனுக்குத்தான் வரும், ஏனென்றால் பதிவு செய்த அன்றைக்கு, பொண்ணு நம்பரை எதுக்குக் கண்டவன்கிட்ட கொடுக்கறது என்று புனிதாதான் இவர் நம்பரைப் போடச் சொன்னாள். மனைவி சொல்லே மந்திரம் என்று இவரும் போட்டார். இப்போது அந்த மந்திரம் மேஜைமேல் கனக்கிறது.

பிரச்சினை என்னவென்றால் மோனிஷா இவரைக் கேட்காமலேயே முடிவு பண்ணிக்கொண்டுதான் கேட்கிறாள். ஒரு வாரமாக நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு போட்டு இந்தப் பக்கம் பாலாறு, அந்தப் பக்கம் பொருநை என்று எழுதி, கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிற ஜோசியன் மாதிரி பத்துப் பொருத்தமும் பார்த்துவிட்டாள். கட்டணம்: பாலாற்றில் வருஷத்துக்கு முப்பத்திரண்டாயிரம், ஊழியர் பிள்ளை என்பதால் பாதி, பதினாறாயிரம். பொருநையில் இருபத்தெட்டாயிரம், அதோடு விடுதியும் சாப்பாடும் ஐம்பத்தைந்தாயிரம். சேர்க்கை: பாலாற்றின் கட் ஆஃப் இரண்டு வருஷமாக ஏறுமுகம், பொருநை இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏறுவதுதானே நல்லது? படிப்பை முடித்தவர்கள்: பாலாற்றில் எண்பத்தெட்டு சதவீதம், பொருநையில் எழுபத்து நாலு. முடித்தபிறகு வேலைக்கோ மேல்படிப்புக்கோ போனவர்கள்: பாலாற்றில் தொண்ணூற்று நாலு சதவீதம், பொருநையில் அறுபத்தொன்று. அந்தத் தொண்ணூற்று நாலைச் சுற்றிப் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்துக்கு மேலே ஒரு நட்சத்திரமும் போட்டிருந்தாள். நேற்று ராத்திரி தோசை தின்றுகொண்டிருந்தபோது அந்தப் பக்கத்தைத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். தணிகாசலம் தொட்டுக்கொண்டிருந்தது வெறும் தேங்காய்ச் சட்னி. அது புரைக்கேறியது. புனிதா தலையில் தட்டி, யாரோ நினைக்கிறாங்க என்றாள். யார் நினைப்பார்கள்? நானூற்றுப் பன்னிரண்டு பேரில் எவன் வேண்டுமானாலும் நினைத்திருக்கலாம், நினைக்கிறதோடு விடாமல் நாலு வார்த்தை திட்டியும் இருக்கலாம்.

அந்தத் தொண்ணூற்று நாலு தணிகாசலம் போட்ட எண். மூளையைக் கசக்கிப் போட்டதுகூட இல்லை, பிரிவுக் கண்காணிப்பாளர் ஏகாம்பரம் எப்படிப் போடச் சொன்னாரோ அப்படிப் போட்டது. வேலைவாய்ப்பு மற்றும் முன்னாள் மாணவர் பிரிவு என்று பெயர் பெரிதாக இருக்கிறதே தவிர, கழிவறைக்குப் பக்கத்தில் இரண்டு மேஜை, ஒரு மின்விசிறி, ஒரு கம்ப்யூட்டர், அவ்வளவுதான் பிரிவு. வருஷா வருஷம் ஆனி, ஆடியில் அந்த வருஷம் படித்து முடித்தவர்கள் பட்டியல் வரும், தணிகாசலம் ஒவ்வொருத்தராகப் போன் பண்ணி, இப்போது என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்க வேண்டும். கேட்டதை எக்செல் தாளில் ஏற்ற வேண்டும். அந்தக் கட்டத்தில் இஷ்டத்துக்கு எழுத முடியாது. அம்புக்குறியைத் தட்டினால் ஐந்து வரி விழும், அதில் ஒன்றைத்தான் எடுக்கலாம்: வேலையில் உள்ளார், உயர்கல்வி பயில்கிறார், போட்டித் தேர்வுக்குத் தயாராகிறார், சுயதொழில், வேலை தேடுகிறார். முதல் நாலும் பல்கலைக்கழகத்துக்குப் பெருமை, ஐந்தாவது பல்கலைக்கழகத்துக்குப் பாரம். போன் எடுக்காதவர்களுக்கு என்ன போடுவது சார் என்று போன வருஷம் முதல் நாளே தணிகாசலம் கேட்டார். கேட்டார், அது சத்தியம், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஏகாம்பரம் டீ கிளாசைக் கீழே வைக்காமலே, "எடுக்காதவன எதுக்குய்யா எழுதற? தகவல் இல்லாதவன எப்படிக் கணக்குல சேக்க முடியும்? வரிசையவே தூக்கிடு" என்றார். தகவல் இல்லாதவனைக் கணக்கில் சேர்க்க முடியாதுதானே. கேட்கும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஏகாம்பரம் சொல்கிற எல்லாமே கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கும், வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் அரிக்கும்.

நானூற்றுப் பன்னிரண்டு பேர். நூற்றெண்பது பேர் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் நம்பர் மாறியிருக்கிறது, அணைத்து வைத்திருக்கிறார்கள், அல்லது பல்கலைக்கழக நம்பரைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது. நல்ல வேலையில் இருப்பவன் ஏன் எடுக்க மாட்டான், எடுத்து நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொல்லுவானே. மிச்சம் இருநூற்று முப்பத்திரண்டு. அதில் நிஜமாக வேலையிலோ மேல்படிப்பிலோ இருந்தவர்கள் நூற்று அறுபத்தொன்பது பேர். பிறகு ஒரு பெண் எடுத்தாள், பின்னால் கிரைண்டர் ஓடுகிற சத்தம், கல்யாணம் ஆயிடுச்சு சார், வீட்ல சும்மாதான் இருக்கேன், பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஜாக்கெட் தைச்சுத் தர்றேன் என்றாள். சுயதொழில். ஒரு பையன் எடுத்தான், சார் வண்டி ஓட்டிட்டிருக்கேன், பிரியாணி ஆறிடும், அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டான். சுயதொழில். இப்படிப் பதினெட்டுத் தொழிலதிபர்களைத் தணிகாசலம் ஒரே மாதத்தில் உருவாக்கினார், எந்த வங்கியும் செய்யாத காரியம். சும்மா இருக்கேன் என்று சொன்ன முப்பத்தொரு பேரைப் போட்டித் தேர்வுக்குத் தயாராக்கினார். யார்தான் தயாராகவில்லை? இந்த நாட்டில் சும்மா இருக்கிற ஒவ்வொருத்தனும் ஏதோ ஒரு தேர்வுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் சும்மா இருக்கிறான். பதினாலு பேர் மட்டும் இவரைத் திட்டினார்கள், திட்டுகிறவனைத் தயாராகிறான் என்று எழுதக் கை வரவில்லை, அவர்களை ஐந்தாவது வரியில் போட்டார். இருநூற்று முப்பத்திரண்டுக்கு இருநூற்றுப் பதினெட்டு. கம்ப்யூட்டர் தொண்ணூற்று நாலு என்றது. கம்ப்யூட்டரைச் சொல்லிக் குற்றமில்லை, போட்டதைத்தானே அது கூட்டும். நானூற்றுப் பன்னிரண்டால் வகுத்திருந்தால் நூற்று அறுபத்தொன்பதுக்கு நாற்பத்தொன்று வரும். அதைத் தணிகாசலம் ஒரே ஒரு தடவை, பிரிவில் யாரும் இல்லாதபோது, போன் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தார். பார்த்துவிட்டு அழித்தார். அழித்தால் போய்விடுமா, எண் அவ்வளவு நல்ல ஜாதி இல்லை.

எல்லாவற்றையும்விட ஒரு அம்மா. அந்த அம்மா மட்டும் விடமாட்டேன் என்கிறாள். பட்டியலில் நூற்று முப்பதோ நூற்று முப்பத்தொன்றோ, பையன் பெயர் சூரியமூர்த்தி, மெக்கானிக்கல். போனை அம்மா எடுத்தாள். பல்கலைக்கழகத்தில் வேலைவாய்ப்புப் பிரிவிலிருந்து பேசுகிறேன் என்று இவர் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். அந்த அம்மா குரல் குழைந்து, "வேலை வந்திருக்குதுங்களா சார்? தம்பி தூங்குறான். எழுப்பவா சார்?" என்று கேட்டாள். பதினொன்றரை மணிக்கு ஒரு இருபத்திரண்டு வயதுப் பையன் தூங்குகிறான் என்றால் ராத்திரி அவன் தூங்கவில்லை என்று அர்த்தம். வேணாம்மா, சும்மா தகவலுக்குத்தான் என்றார் தணிகாசலம். "பரவால்ல சார், எழுப்பறேன், ரெண்டு நிமிஷம் இருங்க" என்று செருப்புக்கூடப் போடாமல் ஓடுகிற சத்தம் கேட்டது. இவர் போனை வைத்துவிட்டார். வைத்துவிட்டு, போட்டித் தேர்வுக்குத் தயாராகிறார் என்ற வரியைத் தட்டினார். அந்தப் பையன் எழுந்துவந்து காதில் போனை வைத்திருப்பான், அந்தப் பக்கம் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எழுப்பவா சார். குளிக்கும்போது வருகிறது, பஸ்ஸில் டிக்கெட் எடுக்கும்போது வருகிறது, நேற்றுச் சட்னி புரைக்கேறியபோதும் அதுதான் வந்தது. யாரோ நினைக்கிறாங்களாம்.

மூன்று நாற்பதுக்கு ஏகாம்பரம் தலையை நீட்டினார். "தணிகா, இந்த வருஷ லிஸ்ட் எந்த மட்டும் வந்திருக்கு?" நாற்பத்தாறு பேருக்குப் பண்ணியாச்சு சார், பத்தொன்பது பேர் எடுத்திருக்காங்க என்றார் தணிகாசலம். "போன வருஷம் தொண்ணூத்தி நாலு. இந்த வருஷம் அதுக்குக் குறைஞ்சா துணைவேந்தர் என்னைக் கேப்பார், நான் உன்னைக் கேப்பேன்" என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போனார். இந்த மனுஷனுக்குச் சிரிப்பு எங்கிருந்து வருகிறதோ. ஆனால் ஏகாம்பரத்தைச் சொல்லி என்ன, அந்த எண் வெளியே வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டு ஆடியது யார்? பல்கலைக்கழக இணையதளத்தில் அறிக்கை ஏறிய அன்றைக்கு, அடியில் சின்ன எழுத்தில் 'தயாரித்தவர்: கோ. தணிகாசலம், உதவியாளர்' என்று இருந்ததைப் பார்த்து, இருபத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக அச்சில் பெயர் வந்ததைப் பார்த்து, படம் பிடித்துக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டவர் இவர்தானே. அதற்கு மச்சான் சுகுமார் ஆறு கட்டைவிரல் அனுப்பினான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான். இப்போது அதே சுகுமார் சென்னையில் உட்கார்ந்துகொண்டு, பாலாறு கட் ஆஃப் ஏறிக்கொண்டே போகுது, கண்ணை மூடிக்கிட்டுப் போடு என்று மருமகளுக்கு உபதேசம் பண்ணுகிறான். கட் ஆஃப் ஏன் ஏறுகிறது மச்சான்? வருஷா வருஷம் இந்த மாதிரி எண்ணைப் பார்த்து நல்ல மார்க் வாங்கினவர்கள் எல்லாம் வந்து விழுகிறார்கள், அவர்கள் வந்து விழுவதால் கட் ஆஃப் ஏறுகிறது, கட் ஆஃப் ஏறுவதைப் பார்த்து இது நல்ல இடம் என்று இன்னும் நாலு பேர் வருகிறார்கள். எண்பத்தெட்டு சதவீதம் பேர் படிப்பை முடிக்கிறார்களாம். கடைசி வருஷம் வரை தாக்குப்பிடித்தவர்களில் எண்பத்தெட்டு. முதல் வருஷக் கணக்குப் பாடத்திலேயே மூட்டையைக் கட்டினவன் எந்தக் கணக்கில் வருகிறான்? அவன் வரிசையையும் யாரோ ஒரு பிரிவில் யாரோ ஒரு தணிகாசலம் தூக்கியிருப்பான்.

சொல்லிவிட வேண்டியதுதானே. ஒரு போன். மோனிஷா, அந்த எண்ணை நம்பாதே. நாலே சொல். நாலு சொல்லைச் சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டம்? இங்கேதான் தணிகாசலத்துக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது, ஏனென்றால் வெறும் வெட்கம் மட்டும் என்றால் அதைத் துடைத்துப் போட்டுவிடலாம். அவருக்கு அவள் இங்கேயே இருக்க வேண்டும். அதுதான் உண்மை, அதை மூடி என்ன பயன்? காலை எட்டு இருபது பஸ்ஸில் இவரோடு ஏறி, இவர் சாப்பாட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவள் உட்கார இடம் பிடித்து, சாயந்திரம் அதே பஸ்ஸில் திரும்பி வருவது. அவர் அதை நாலு வருஷத்துக்கும் மனத்துக்குள்ளேயே ஓட்டிப் பார்த்துவிட்டார். வீட்டுக்கு ஒரே பெண். பொருநை என்றால் ராத்திரி ரயில், விடுதி, தண்ணீர் ஒத்துக்கொள்ளாது, காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, புனிதா பத்து நாளைக்கு அழுவாள், இவர் அழுவதற்குக்கூட அந்த வீட்டில் தனி அறை இல்லை. பதினாறாயிரம் எங்கே, எண்பத்து மூவாயிரம் எங்கே. ஆக, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். தொண்ணூற்று நாலு தன் வேலையைத் தானே பார்க்கும், மகள் மடியில் வந்து விழுவாள், உன் இஷ்டம்மா என்று சொன்ன நல்ல அப்பா என்ற பெயரும் மிஞ்சும். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். ஊரார் பிள்ளைகளைத் தப்பான கட்டத்தில் தள்ளினவன் பிள்ளை எங்கே போய் வளரும்? அவருக்கு வியர்த்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது.

நாலு மணிக்கு அவர் ஒரு காரியம் செய்தார். பொருநைப் பல்கலைக்கழக இணையதளத்தில் தேடி, அங்கே இதே மாதிரி ஒரு பிரிவு இருக்கும் அல்லவா, அதன் நம்பரைப் பிடித்தார். உள்ளுக்குள் ஒரு நப்பாசை. அந்த அறுபத்தொன்றும் இப்படி ஊதின எண்ணாகத்தான் இருக்க வேண்டும், ஊதத் தெரியாமல் அறுபத்தொன்றோடு நிறுத்தியிருக்கிறார்கள், அப்படி இருந்தால் இரண்டும் ஒரே குட்டைதான், மகள் எந்தக் குட்டையில் விழுந்தாலும் பாவம் இவருடையது இல்லை. ஒரு பெண் குரல் எடுத்தது, பின்னால் இங்கே மாதிரியே மின்விசிறிச் சத்தம். பெண்ணைச் சேர்க்கலாம் என்று இருக்கிறேன், உங்கள் அறுபத்தொன்று எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளலாமா என்றார். "அதுவா சார், போன் போட்டுத்தான் கேப்போம்" என்றாள் அந்த அம்மாள். எடுக்காதவர்களை என்னம்மா செய்வீர்கள்? "என்ன சார் செய்ய, மூணு மட்டம் போடுவோம். அப்பவும் எடுக்கலைன்னா எடுக்கலைன்னுதான எழுதணும்." அவர்களும் மொத்தத்தில் வருவார்களா? "படிச்சு முடிச்ச புள்ளைங்கதான சார் அவங்களும். போன் எடுக்கலைங்கிறதுக்காகப் படிக்கலைன்னு ஆயிருமா?" அவள் குரலில் உபதேசம் எதுவும் இல்லை, மழை பெய்தால் நனையும் என்கிற மாதிரி சொன்னாள். அப்புறம் கொஞ்சம் சலித்துக்கொண்டு, "எங்களுக்கும் மேல இருந்து திட்டுதான் சார். மத்தவங்கல்லாம் தொண்ணூறு காட்டுதாங்க, நீங்க ஏன் அறுபதுல கிடக்கீங்கன்னு. வடக்க ஒரு யுனிவர்சிட்டி தொண்ணூத்தி நாலு போட்டிருக்கு, பாத்தீங்களா?" என்றாள். பார்த்தேன் என்றார் தணிகாசலம். நன்றி சொன்னாரா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், அது இன்னும் மங்கியது.

நாலு முப்பத்தைந்துக்கு ஆறாவது தடவை போன் நகர்ந்தது. எடுப்பதா வேண்டாமா? எடுக்காவிட்டால் இவரையும் வரிசையிலிருந்து தூக்கிவிடலாம். எடுத்தார். "அப்பா, பாலாறையே முதல்ல வச்சு லாக் குடுக்கப் போறேன். ஓ.டி.பி. வரும், ரெடியா இருங்க." சரிம்மா என்று சொல்ல வாயைத் திறந்தவர், "நல்லா யோசிச்சியா?" என்றார். அந்தப் பக்கம் மோனிஷா பெருமூச்சு விட்டது காதில் சுட்டது. "ஒரு வாரமா அதைத்தானே பண்றேன். நீங்கதான் வாயத் திறக்க மாட்டேங்கறீங்க. என் ஃபிரண்டு ஒருத்தி சொன்னா, இந்தப் பர்சன்டேஜ் எல்லாம் சும்மா அடிச்சு விடறாங்க, நம்பாதன்னு. மத்த எதையுமே நான் நம்பலப்பா. எல்லாத்தையும் கிராஸ் செக் பண்ணேன். இத மட்டும்தான் பண்ணல." ஏம்மா என்றார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்துவிட்டது, தெரிந்தும் கேட்டார், பல் வலிக்கிற இடத்தை நாக்கு தேடிப்போகிற மாதிரி. "கீழ உங்க பேர் இருந்துச்சே. எங்கப்பா போட்ட கணக்குன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

தணிகாசலம் எழுந்து நின்றார். ஏன் எழுந்தார் என்று தெரியவில்லை, மேலதிகாரி வந்தால் எழுகிற மாதிரி எழுந்துவிட்டார். "அது சரியில்லம்மா" என்றார். என்னப்பா சரியில்ல? "அந்த எண்ணு. தொண்ணூத்தி நாலு. போன் எடுத்தவங்களை மட்டும்தான் எண்ணினோம். எண்ணினேன். எடுக்காத நூத்தி எம்பது பேரைத் தூக்கிட்டேன். சும்மா இருக்கேன்னு சொன்னவங்களையெல்லாம் பரீட்சைக்குப் படிக்கிறாங்கன்னு போட்டேன். வண்டி ஓட்டற பையனை முதலாளின்னு போட்டேன்." ஒன்றன்பின் ஒன்றாக வந்தது, நிறுத்த முடியவில்லை, சூரியமூர்த்தியின் அம்மாவையும் சொன்னார், எழுப்பவா சார் என்று அவள் கேட்டதையும், போனை வைத்ததையும் சொன்னார். பக்கத்து மேஜையில் யாரும் இல்லை, இருந்திருந்தாலும் சொல்லியிருப்பார் என்றுதான் தோன்றியது. கடைசியில் மோனிஷா, "அப்போ நிஜமா எவ்ளோ?" என்று மட்டும் கேட்டாள். நாப்பத்தொண்ணு. "பொருநை?" இப்பத்தான் போன் பண்ணிக் கேட்டேன், அவங்க எல்லாரையும் எண்ணியிருக்காங்க, அறுபத்தொண்ணு அறுபத்தொண்ணுதான். பின்னால் புனிதா குக்கரைத் திறக்கிற சத்தம் கேட்டது. வை போனை என்று மோனிஷா கத்துவாள், அழுவாள், இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள் என்று எதிர்பார்த்தார், அதற்கெல்லாம் பதிலும் தயாராக இருந்தது, இருபத்து நாலு வருஷ ஆபீஸ் வாழ்க்கையில் விளக்கம் எழுதப் பழகின கை. அவள் கேட்டது வேறு. "நான் அங்க படிச்சு, நாலு வருஷம் கழிச்சு வேலை இல்லாம வீட்ல உக்காந்திருந்தா, எனக்கும் போன் பண்ணுவீங்கல்ல? என்னை எந்தக் கட்டத்துல போடுவீங்கப்பா?"

நாலு ஐம்பத்து மூன்றுக்கு ஓ.டி.பி. வந்தது. காதிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார், ஆறு எண். "எதைம்மா முதல்ல போட்டிருக்க?" என்று கேட்டார். குரல் தன்னுடையது மாதிரியே இல்லை. "என் இஷ்டம்னுதானே காலையிலேர்ந்து சொல்றீங்க. நம்பரைச் சொல்லுங்க." சொல்லாமல் இருந்தால் ஏழு நிமிஷத்தில் கதவு மூடிவிடும், அப்புறம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ஏழு நிமிஷமும் இவர் கையில் இருந்தது. மனத்துக்குள் எட்டு இருபது பஸ் ஒரு தடவை வந்து நின்று, யாரும் ஏறாமல் போயிற்று. "எட்டு, பூஜ்யம், மூணு" என்றார். "ம்." "அஞ்சு, அஞ்சு, ரெண்டு." அவள் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள், அப்பா சொன்ன எண்ணை அவள் சரிபார்த்தது அதுதான் முதல் தடவை. "போயிருச்சு. அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க, எல்லாத்தையும்" என்று வைத்துவிட்டாள். சற்று நேரத்தில் குறுஞ்செய்தி வந்தது. தங்கள் விருப்ப வரிசை உறுதி செய்யப்பட்டது. ஒன்று, பொருநைப் பல்கலைக்கழகம். இரண்டு, பாலாற்றுப் பல்கலைக்கழகம். அதை அவர் மூன்று தடவை படித்தார். நெஞ்சு வலிக்கிறது என்றால் டாக்டரிடம் போகிற வலி இல்லை அது, ஆனால் வலித்தது, நன்றாகவே வலித்தது.

ஐந்து அடித்துவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியவர் உட்கார்ந்தே இருந்தபோது மேஜைமேல் ஆபீஸ் போன் மணியடித்தது. "சார், இந்த நம்பர்லேர்ந்து மதியம் போன் வந்திருந்துச்சுங்க. நான் பெயிண்ட் வேலையில இருந்தேன், எடுக்க முடியல, எங்க பொண்ணு நம்பரு, போனு எங்கிட்டதான் இருக்கு" என்றது ஒரு ஆம்பிளைக் குரல், வாயில் வெற்றிலை. பிறகு இவர் எதிர்பார்த்த அதே கேள்வி வந்தது. "வேலை விஷயமுங்களா?" இல்லைங்க, கணக்கெடுக்கிறோம், பொண்ணு என்ன பண்ணறாங்க என்று கேட்டார் தணிகாசலம். அந்த ஆள் கொஞ்சம் தயங்கினார். "வீட்லதான் சார் இருக்கு. சும்மாதான் இருக்கு. நல்லாப் படிச்ச பொண்ணு சார்." பேரைக் கேட்டு, நன்றிங்க என்று சொல்லி, அந்தப் பக்கம் வைத்த பிறகே இவர் வைத்தார். தாளில் அவள் வரிசை நாற்பத்து நாலாவதாக இருந்தது. அம்புக்குறியைத் தட்டினார், ஐந்து வரி விழுந்தது, ஐந்தையும் விட்டுவிட்டு, கட்டத்துக்குள் 'வீட்டில் சும்மா இருக்கிறார்' என்று விரலால் தேடித் தேடி அடித்தார். கம்ப்யூட்டர் டங் என்றது. இந்த மதிப்பு இங்கே செல்லாது என்று சிவப்பு எழுத்தில் வந்தது. தணிகாசலம் அதை மூடிவிட்டு, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து அடிக்க ஆரம்பித்தார்.